வெளிநாட்டுப் பொறியியல் வேலை: டெபுடேஷனா, உள்ளூர் நியமனமா, கான்ட்ராக்டா?

ஒரே திட்டம், ஒரே பதவி, ஆனால் மூன்று விதமான ஆஃபர். பொறியியல் துறையில் இது அடிக்கடி நடக்கிறது. இப்போது வேலை பார்க்கும் நிறுவனமே டெபுடேஷனில் அனுப்புவதாகச் சொல்லும். போகிற நாட்டு நிறுவனம் தன் சம்பளப் பட்டியலில் நேரடியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லும். இல்லையென்றால் நாள் கட்டணத்துக்குக் கான்ட்ராக்டராக வரச் சொல்வார்கள். மூன்று கடிதங்களிலும் ஒரு பெரிய தொகை இருக்கும். அவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். டெபுடேஷன் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் வரி கழித்த தொகை. உள்ளூர் நியமனத்தில் இருப்பது வரி கழிக்காத தொகை. நாள் கட்டணத்திலோ முதலாளி கட்ட வேண்டிய பங்கும் சேர்ந்தே இருக்கும்.

அதனால் முதல் வேலை, மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது. ஒப்பந்தக் காலம் முடிந்து, இரு நாட்டு வரியும் தீர்ந்து, பிடித்தவற்றில் திரும்ப வருவது வந்து சேர்ந்த பிறகு மிஞ்சும் தொகைதான் அந்த அளவுகோல். இந்தத் தொகையை நாட்டின் வரி விகிதத்தைவிடப் பணி ஒப்பந்தத்தின் வகைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

சொந்த நாடு விடுகிறதா?

போகிற நாட்டில் எத்தனை சதவீத வரி என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. கிளம்பிய பிறகும் சொந்த நாடு உங்களை வரிக்கு உள்நாட்டில் வசிப்பவராகவே வைத்திருக்குமா?

வைத்திருந்தால், பெரும்பாலான நாடுகள் வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்கும். சொந்த நாட்டில் உங்கள் சராசரி வரி 30% என்று வைத்துக்கொள்வோம். வரியே இல்லாத நாட்டில் சம்பாதித்தால் 30 முழுவதும் இங்கே கட்ட வேண்டும். அங்கே 20% என்றால் இங்கே 10. அங்கே 40% என்றால் இங்கே ஒன்றுமில்லை, ஆனால் கூடுதலாகக் கட்டிய 10 திரும்பி வராது. இரண்டு நாடுகளில் எது அதிகமோ அதுதான் மொத்த வரியாகிறது. வரியில்லாத நாட்டின் லாபம் இந்த நிலையில் முழுவதும் ஆவியாகிவிடும். இரு நாடுகளுக்கிடையே போடப்பட்ட சில வரி ஒப்பந்தங்கள் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு முழு விலக்கே தருகின்றன. அங்கும் மற்ற வருமானத்துக்கான வரி அடுக்கை நிர்ணயிக்க அந்தச் சம்பளத்தைச் சேர்த்துப் பார்ப்பதுண்டு.

வசிப்பு நிலையைத் தீர்மானிக்கும் விதி ஒவ்வொரு நாட்டிலும் வேறு. வேலைக்காக வெளியே போகும் இந்தியக் குடிமகனுக்கு, நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருப்பது முக்கிய எல்லை. பிரிட்டனில் வெளிநாட்டு முழுநேர வேலைக்கென்றே தனி விதி இருக்கிறது: வாரம் சராசரி 35 மணி நேரம் வெளியே வேலை, பிரிட்டனில் 91 நாளுக்குக் குறைவான தங்கல், அதிலும் 3 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்த நாட்கள் 31-க்குக் கீழ். அமெரிக்கா தன் குடிமக்களின் வசிப்பைப் பார்ப்பதே இல்லை. குடிமகன் எங்கே இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு உழைப்பு வருமானத்தில் 2025-க்கு 1,30,000 டாலர் வரை விலக்குப் பெறலாம். அதற்குத் தொடர்ந்த 12 மாதத்தில் 330 முழு நாள் வெளியே இருப்பது ஒரு வழி.

நாள் கணக்கு மட்டும் போதாத நாடுகளும் உண்டு. வீடு, மனைவி மக்கள், வங்கிக் கணக்கு, வாகனப் பதிவு எல்லாம் சொந்த நாட்டிலேயே இருந்தால், ஆள் மட்டும் வெளியே போனதை வெளியேற்றமாக ஏற்காத வரித்துறைகள் இருக்கின்றன. இரு நாடுகளும் ஒரே ஆளை உரிமை கொண்டாடினால் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரிசை இருக்கிறது: நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே, வழக்கமாகத் தங்குவது எங்கே, குடியுரிமை எந்த நாடு. இந்த வரிசைப்படிதான் பார்ப்பார்கள். முதல் கேள்வியிலேயே விடை கிடைத்தால் அடுத்ததற்குப் போக மாட்டார்கள். குடும்பம் இங்கேயே இருக்க, நீங்கள் அங்கே நிறுவனம் கொடுத்த அறையில் தங்கியிருந்தால், முதல் இரண்டு கேள்விகளிலேயே சொந்த நாட்டின் பக்கம் தராசு சாய வாய்ப்பு அதிகம். கையில் இருக்கும் வேலை விசா இந்த வாதத்தில் பெரிதாக உதவாது.

183 நாள் என்ற அரைகுறை ஞானம்

"ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டால் அங்கே வரி கிடையாது" என்பது கட்டுமானத் தளங்களில் புழங்கும் வாய்மொழிச் சட்டம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மை.

பல நாடுகள் தங்கள் வரி ஒப்பந்தங்களுக்கு அச்சாக எடுத்துக்கொள்வது ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) வகுத்த மாதிரி ஒப்பந்தம். அதன் 15-ஆவது பிரிவு மூன்று நிபந்தனை வைக்கிறது, மூன்றும் சேர்ந்தே பொருந்த வேண்டும். எந்த 12 மாதத்திலும் அந்த நாட்டில் 183 நாளைத் தாண்டக் கூடாது. சம்பளம் தரும் முதலாளி அந்த நாட்டவராக இருக்கக் கூடாது. முதலாளிக்கு அங்கே இருக்கும் நிரந்தர அமைவிடத்தின் (அந்த நாடு வரி போடக்கூடிய நிலையான தொழிலிடம்) செலவில் அந்தச் சம்பளம் ஏறக் கூடாது. நாளை எண்ணும்போது வந்த நாள், கிளம்பிய நாள், ஞாயிறு, நோயில் படுத்த நாள் எல்லாமே கணக்கில் வரும். பழைய ஒப்பந்தங்கள் சில 12 மாதத்துக்குப் பதிலாக வரி ஆண்டை வைத்து எண்ணுகின்றன, அதனால் குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் வாசகத்தையே படிக்க வேண்டும்.

பொறியாளர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது மூன்றாவது நிபந்தனையில். கட்டுமானத் தளமோ நிறுவுதல் பணியோ 12 மாதத்தைத் தாண்டினால் அது நிரந்தர அமைவிடம் என்கிறது ஓஇசிடி மாதிரி. ஐ.நா. மாதிரியைப் பின்பற்றும் ஒப்பந்தங்களில் இது 6 மாதம், மேற்பார்வைப் பணியும் அதில் அடங்கும். தளம் அந்த எல்லையைத் தாண்டினால், அது தொடங்கிய நாளிலிருந்தே நிரந்தர அமைவிடமாகிவிடும். நீங்கள் 90 நாள்தான் இருந்தீர்கள் என்றாலும், உங்கள் சம்பளம் அந்தத் தளத்தின் கணக்கில் ஏறியிருந்தால் முதல் நாளிலிருந்தே அங்கே வரி உண்டு. ஆறு மாதத்தில் முடியும் என்று போட்ட கமிஷனிங் (ஆலையை இயக்கிவைக்கும் பணி) அட்டவணை பதினான்கு மாதம் இழுப்பது இந்தத் தொழிலில் புதிதா என்ன? தாமதம் உங்களுடையதாக இல்லாமல் போகலாம், வரி உங்களுடையதுதான். தளம் எப்போது தொடங்கியது, எப்போது முடியும், உங்கள் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற மூன்றையும் கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது நிபந்தனையிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. சம்பளச் சீட்டு சொந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருக்கும். ஆனால் அங்குள்ள நிறுவனம் உங்களுக்கு வேலை ஏவி, உங்கள் செலவையும் திருப்பிக் கொடுத்தால், உண்மையான முதலாளி அவர்தான் என்று பல நாடுகள் எடுத்துக்கொள்ளும்.

டெபுடேஷன்: வரியை யார் சுமப்பது?

டெபுடேஷன் கடிதத்தில் சம்பளத்தைவிடக் கவனமாகப் படிக்க வேண்டிய பத்தி வரிக் கொள்கை. பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்.

ஒன்று வரிச் சமன். நீங்கள் சொந்த நாட்டிலேயே இருந்திருந்தால் எவ்வளவு வரி கட்டியிருப்பீர்களோ அந்தத் தொகையைக் கற்பனை வரியாக நிறுவனம் மாதா மாதம் பிடித்துக்கொள்ளும். நிஜத்தில் இரு நாடுகளிலும் வருகிற வரி எல்லாவற்றையும் நிறுவனமே கட்டும். மற்றொன்று வரிப் பாதுகாப்பு. வரியை நீங்கள் கட்டுவீர்கள். சொந்த நாட்டு அளவைத் தாண்டிய பகுதியை நிறுவனம் திருப்பித் தரும், குறைந்தால் லாபம் உங்களுக்கு.

ஆண்டுச் சம்பளம் 1,00,000, சொந்த நாட்டு வரி 25,000 என்று வைத்துப் பாருங்கள். வரியில்லாத நாட்டுக்குப் போய், சொந்த நாட்டு வசிப்பும் முறிந்துவிட்டால் நிஜ வரி பூஜ்யம். வரிச் சமனில் உங்களுக்கு 75,000 வரும், மிச்சமான 25,000 நிறுவனத்துக்குப் போகும். வரிப் பாதுகாப்பில் ஒரு லட்சமும் உங்களுடையது. அதே ஆள் 40% வரி நாட்டுக்குப் போனால் இரண்டு முறையிலும் 75,000 நிற்கும். உள்ளூர் நியமனத்தில் போயிருந்தால் 60,000 மட்டும். வரிப் பாதுகாப்பில் முதலில் கைக்காசைக் கட்டிவிட்டு நிறுவனத்தின் தீர்வுக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு பல மாதங்கள் நீள்வதும் உண்டு.

இதிலிருந்து பேரத்துக்கான திசை தெரிகிறது. வரி அதிகமுள்ள நாட்டுக்கு வரிச் சமன் நல்லது. வரியில்லாத நாட்டுக்கு வரிச் சமனோடு டெபுடேஷன் என்றால், அந்த நாட்டின் சலுகை நிறுவனத்தின் லாபமாக மாறுகிறது. அப்போது வரிப் பாதுகாப்பைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் கடினச்சூழல் படியை உயர்த்தச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் ஒருவருக்காகக் கொள்கையை மாற்றுவது அரிது. படியை மாற்றுவது அவர்களுக்கு எளிது.

வரிச் சமன் பத்தியில் இன்னும் சில இடங்களைக் கிளறிப் பார்க்க வேண்டும். வாடகை, வட்டி, பங்கு விற்பனை போன்ற உங்கள் சொந்த வருமானத்துக்கு அந்த நாட்டில் வரும் வரியை நிறுவனம் ஏற்குமா? துணைவரின் சம்பளம் என்ன ஆகும்? வரித்துறை திருப்பித் தரும் தொகை உங்கள் கணக்குக்கு வந்தாலும் அது நிறுவனத்துடையது என்று எழுதியிருக்கும், அதைச் செலவழித்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. திரும்பி வந்த பிறகு கிடைக்கும் போனஸும் பங்கு ஒதுக்கீடும் வெளிநாட்டில் உழைத்த நாட்களின் விகிதத்தில் அங்கேயும் வரிக்கு உட்படும். திரும்பிய அடுத்த ஆண்டும் அங்கே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டி வரலாம். அந்த ஆண்டுக்கும் ஆடிட்டர் செலவை நிறுவனம் தருமா என்று கேளுங்கள். பாதியில் ராஜினாமா செய்தால் இடமாற்றச் செலவும் வரிச் செலவும் திருப்பிக் கேட்கப்படுமா, எந்த மாதத்திலிருந்து குறையும் என்பதும் அங்கேயே இருக்கும்.

வீடு, பள்ளிக் கட்டணம், விமான டிக்கெட் ஆகியவற்றை நிறுவனம் கொடுத்தால் பல நாடுகளில் அவையும் வருமானம்தான். "வரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தால் கணக்கு இப்படிப் போகும்: 30% வரியில் உங்களுக்கு 100 கைக்கு வர நிறுவனம் 130 கொடுத்தால் பற்றாது, 100-ஐ 0.7-ஆல் வகுத்து 142.86 கொடுக்க வேண்டும். உள்ளூர் நியமனத்தில் "வாடகைப்படி 100" என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் கைக்கு வருவது 70. இரண்டு கடிதங்களிலும் ஒரே 100 அச்சாகியிருக்கும்.

டெபுடேஷனின் இன்னொரு பலம் சமூகக் காப்பு. இரு நாடுகளுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால், சொந்த நாட்டிலிருந்து காப்புச் சான்றிதழ் வாங்கி, அந்த நாட்டின் ஓய்வூதியப் பிடித்தத்திலிருந்து விலகி நிற்கலாம். பல ஒப்பந்தங்களில் இது 5 ஆண்டு வரை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஏ1 சான்றிதழ், பொதுவாக 24 மாதம். சான்றிதழை வேலை தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். பிடித்தம் தொடங்கிய பிறகு அதை மீட்பது நாய் வாலை நிமிர்த்துகிற வேலை.

உள்ளூர் நியமனம்: சம்பளம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது?

அந்த நாட்டு நிறுவனம் நேரடியாக எடுக்கும்போது வரி முழுக்க உங்கள் பொறுப்பு. இங்கே நாட்டுக்கு நாடு நடைமுறை வெகுவாக மாறுகிறது.

ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார் ஆகியவற்றில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஓமன் மட்டும் 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5% விதிக்கச் சட்டம் போட்டுவிட்டது. வரியில்லை என்ற மகிழ்ச்சியில் எல்லோரும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்குப் பின் 30 நாள், எல்லாம் அடிப்படைச் சம்பளத்தை வைத்து. மாதம் 20,000 திர்ஹம் மொத்தச் சம்பளத்தில் அடிப்படை 12,000 என்றால் 4 ஆண்டுக்கு 84 நாள், நாளுக்கு 400, ஆக 33,600. அதே 20,000-இல் அடிப்படை 8,000 என்றால் 22,400 மட்டும். மாதச் சம்பளம் ஒரு திர்ஹம்கூட மாறாமல் 11,200 நழுவுகிறது.

சவூதியில் பணிக்கொடை முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஒரு மாதம். நீங்களாக ராஜினாமா செய்தால் 2 ஆண்டுக்குள் ஒன்றுமில்லை. 5 ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு. 10 ஆண்டு வரை மூன்றில் இரண்டு. ஒப்பந்தம் தானாக முடிவதும் ராஜினாமாவும் அங்கே இரு வேறு தொகைகள். கடைசித் தேதியை அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். குடும்பத்தோடு போனால் சார்ந்திருப்பவர் ஒருவருக்கு மாதம் 400 ரியால் அரசுக் கட்டணம் இருக்கிறது. துணைவரும் இரு குழந்தைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். இது வரி என்ற பெயரில் வராததால் பல கணக்குகளில் விடுபட்டுப்போகிறது. பிரிட்டனில் இதற்கு இணையானது குடியேற்ற நலக் கட்டணம்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. நால்வர் குடும்பத்துக்கு 3 ஆண்டு விசா என்றால் 10,866 பவுண்டு, அதுவும் விண்ணப்பத்தோடு ஒரே தவணையில். நிறுவனம் உங்களுக்கு மட்டும் கொடுக்குமா, குடும்பத்துக்கும் சேர்த்தா என்பதைக் கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் வரி குறைவு, ஆனால் தேதிக்கு மதிப்பு அதிகம். 183 நாள் இருந்து வசிப்பவராக ஆனவருக்கு 1,20,000 சிங்கப்பூர் டாலர் சம்பளத்தில், 1,000 டாலர் உழைப்பு வருமானக் கழிவோடு, வரி 7,835 டாலர்தான். வசிக்காதவர் என்றால் 15% அல்லது வசிப்பவர் விகிதம், இரண்டில் எது கூடுதலோ அது. அதே சம்பளத்துக்கு 18,000 ஆகும். அக்டோபரில் சேர்ந்தால் அந்த ஆண்டில் 183 நாள் வராது. ஆனாலும் வேலை தொடர்ந்து இரு ஆண்டுகளைத் தொட்டு மொத்தம் 183 நாளைத் தாண்டினால் இரு ஆண்டுக்கும் வசிப்பவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தாவது மாதத்தில் திரும்பினால்தான் அடி விழும். மாதா மாதம் வரி பிடிக்க மாட்டார்கள், அடுத்த ஆண்டு மொத்தமாகப் பில் வரும். தவணையில் கட்டலாம், ஆனால் முதல் ஆண்டு கைக்கு வந்ததெல்லாம் நம் காசு என்று வாழ்ந்தவருக்கு இரண்டாம் ஆண்டு கையைக் கடிக்கும். வேலையை விட்டு நாட்டைவிட்டுக் கிளம்பும்போது முதலாளி ஒரு மாதம் முன்பே வரித்துறைக்குத் தெரிவித்து, கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

மலேசியாவில் வசிப்புக்கான பொது எல்லை 182 நாள், வசிக்காதவர் விகிதம் 30%. ஆஸ்திரேலியாவில் வசிப்பவருக்கு முதல் 18,200 டாலர் வரியில்லாதது. வசிக்காதவருக்கு முதல் டாலரிலிருந்தே 30%. குறுகிய கால வேலைக்கு வசிப்பு நிலைதான் உண்மையான வரி விகிதம்.

ஜெர்மனியில் வருமான வரியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். ஓய்வூதியத்துக்கு 9.3%, வேலையின்மைக் காப்புக்கு 1.3%, மருத்துவத்துக்கு 7.3% கூடவே காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கூடுதல் பங்கில் பாதி, பராமரிப்புக் காப்பு தனி. எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகும், குறிப்பிட்ட உச்சவரம்பு வரை. இதை முழுக்க இழப்பாகக் கருதவும் கூடாது. மருத்துவக் காப்பு குடும்பத்துக்கும் கிடைக்கிறது, அதைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்று பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்தவர், 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டியிருந்தால், வெளியேறி 24 மாதம் கழித்துத் தன் பங்கு ஓய்வூதியத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். முதலாளியின் பங்கு வராது. ஆஸ்திரேலியாவில் முதலாளி 12% சூப்பர் என்ற ஓய்வூதிய நிதியில் போடுகிறார். தற்காலிக விசாக்காரர் வெளியேறும்போது எடுத்தால் பொதுவாக 35% வரி. எனவே ஆஃபரில் "சூப்பர் சேர்த்து" என்று இருந்தால் அந்தப் பகுதியை ரூபாய்க்கு 65 காசுக்கு மேல் எண்ணாதீர்கள். அமெரிக்காவில் எச்1பி விசாவில் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்புக்கும் 7.65% பிடிப்பார்கள். ஓய்வூதியத் தகுதிக்குச் சுமார் 10 ஆண்டு உழைப்பு வேண்டும். சொந்த நாட்டோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாமல் நான்கு ஆண்டில் திரும்புபவருக்கு அது போனது போனதுதான்.

வெளியிலிருந்து வரும் திறமைசாலிகளுக்கென்று சலுகை வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. அவற்றில் கோட்டைவிடுவது பெரும்பாலும் தேதியில். நெதர்லாந்தில் சம்பளத்தின் 30% வரை வரியின்றிப் பெறலாம், 2027 முதல் 27%, அதிகபட்சம் 5 ஆண்டு. ஆனால் முந்தைய 24 மாதத்தில் 16 மாதத்துக்கு மேல் எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்திருக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்தே பணிக்கு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். துணைவரோடு முதலில் குடிபோய்விட்டு அங்கே வேலை தேடியவருக்கு இது கிடைக்காமல் போகும். வேலை தொடங்கி 4 மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் முதல் நாளிலிருந்து பலன். ஸ்பெயினில் 6 லட்சம் யூரோ வரை 24% என்ற தனி விகிதத்துக்கு 6 மாதக் கெடு. மனிதவளத் துறை தானாகச் செய்துவிடும் என்று நம்பி உட்கார்ந்தால் கெடு போய்விடும்.

கான்ட்ராக்டும் சுழற்சி வேலையும்

நாள் கட்டணம் பார்க்க வசீகரமானது. 500 என்றால் உடனே 365-ஆல் பெருக்கத் தோன்றும். ஆண்டில் 260 வேலைநாள். பண்டிகை 10, விடுப்பு 20, நோயும் இரு ஒப்பந்தங்களுக்கு இடையிலான வெறுமையும் 10 போனால் 220. ஆக 1,10,000. இடைத்தரகு நிறுவனம் வழியாகச் சம்பளம் வந்தால், முதலாளியின் சமூகக் காப்புப் பங்கும் இந்தத் தொகைக்குள்ளேயே கழியும். பிரிட்டனில் அது 2025 ஏப்ரல் முதல் 15%. தோராயமாக 1,10,000-ஐ 1.15-ஆல் வகுத்தால் சுமார் 95,650. அதிலிருந்து தரகரின் கட்டணம், அதன் பிறகுதான் உங்கள் வரி தொடங்குகிறது. மருத்துவக் காப்பீடு, தொழிற்பொறுப்புக் காப்பீடு, பயணம், ஆடிட்டர் எல்லாம் உங்கள் செலவு. பில் போட்டு 30 முதல் 60 நாள் கழித்துப் பணம் வந்தால், முதல் மூன்று மாதச் செலவுக்குக் கையில் காசு இருக்க வேண்டும். பணிக்கொடை கிடையாது, நெதர்லாந்துச் சலுகை போன்றவை ஊழியருக்கே. உள்ளூர் சம்பளத்தைவிட நாள் கட்டணத்தின் ஆண்டு மதிப்பு குறைந்தது கால் பங்காவது அதிகமாக இல்லையென்றால் இந்த வழியில் போவதில் அர்த்தமில்லை என்பது எங்கள் கணிப்பு.

வாடிக்கையாளர் பில் தொகையிலேயே வரியைப் பிடித்துவிடும் நாடுகளும் பல. செலவு கழிக்காத மொத்தத் தொகையில் பிடிப்பதால் இது கடுமையாக வலிக்கும். சொந்த நாட்டு வரி வசிப்புச் சான்றிதழை முதல் பில்லுக்கு முன்பே கொடுத்தால் வரி ஒப்பந்தத்தின் குறைந்த விகிதம் கிடைக்கலாம். அமெரிக்கக் குடிமகனுக்கு இன்னொரு பொறி: வெளிநாட்டு வருமான விலக்கு வருமான வரிக்கு மட்டும்தான். சுயதொழில் செய்பவர் கட்டும் 15.3% சமூகப் பங்கு, சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாத நாட்டில் அப்படியே நிற்கும்.

எண்ணெய் வயலிலும் கடல் மேடைகளிலும் 28 நாள் வேலை, 28 நாள் விடுப்பு என்ற சுழற்சி சகஜம். ஆண்டுக்குச் சராசரி 182.5 நாள் வேலை, 182.5 நாள் வீடு. 182 நாளை எல்லையாக வைத்த நாட்டவருக்கு இது கத்தி முனையில் நடப்பது. ஒரு விமானத் தாமதம், ஒரு மருத்துவ விடுப்பு வந்தால் முழு ஆண்டுச் சம்பளமும் சொந்த நாட்டில் வரிக்கு வந்துவிடும். விடுப்பில் சில வாரங்களை மூன்றாவது நாட்டில் கழிப்பது இதற்கு வழக்கமான தீர்வு, அதற்கான செலவையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். விடுப்பைச் சொந்த நாட்டில் கழிக்கும் அமெரிக்கருக்கு 330 நாள் சோதனை தேறவே தேறாது. பயண நாள் வேலை நாளில் சேருமா விடுப்பில் சேருமா என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 13 பயணங்கள் என்றால் அது சின்ன விஷயமில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது

ஒரு விரிதாளில் ஒவ்வொரு ஆஃபருக்கும் ஒரு நெடுவரிசை, ஒப்பந்தக் காலம் முழுவதற்கும். மொத்தச் சம்பளத்தில் தொடங்கி அந்த நாட்டு வரி, சமூகப் பிடித்தம், சொந்த நாட்டில் மீதி வரி, குடும்பத்துக்கான அரசுக் கட்டணங்கள், வாடகை, பள்ளி, காப்பீடு, பயணம் ஆகியவற்றைக் கழியுங்கள். பணிக்கொடையையும் திரும்ப வரும் ஓய்வூதியத் தொகையையும் கூட்டுங்கள். வெளியேறும் ஆண்டும் திரும்பும் ஆண்டும் பாதி பாதியாக இருப்பதால் அவற்றைத் தனி வரிசையாகப் போடுங்கள், பெரும்பாலான பிழைகள் அந்த இரு ஆண்டுகளில்தான் ஒளிந்திருக்கின்றன. வரி ஆண்டு நாட்டுக்கு நாடு வேறு: பிரிட்டனில் ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1, ஜெர்மனியில் ஜனவரி 1. அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கேட்கும்போது எந்த மாதச் சம்பளம் எந்த ஆண்டில் விழுகிறது என்று பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும். மாதச் சம்பளச் சீட்டுகள் இல்லாமல் அது முடியாது.

நாணயமும் ஒரு வரிசை. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது, சவூதி ரியால் 3.75. ஆகவே இந்த இரு நாட்டுச் சம்பளமும் டாலர் சம்பளம்தான். வீட்டுக்கடன் சொந்த நாட்டு நாணயத்தில் இருந்தால், டாலர் ஏறினால் சுமை குறையும், இறங்கினால் கூடும். பணம் அனுப்பும்போது கட்டணம் பூஜ்யம் என்ற விளம்பரத்தைப் பார்க்காமல், சந்தை நடு விகிதத்துக்கும் அவர்கள் தரும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2% இடைவெளி என்றால் ஓராண்டில் ஒரு மாத அனுப்புதொகையின் கால் பங்கு காணாமல் போகிறது.

எதைத் தேர்வது? வரி அதிகமுள்ள நாட்டில் மூன்று ஆண்டுக்குக் குறைவான வேலை என்றால், வரிச் சமனும் காப்புச் சான்றிதழும் கொண்ட டெபுடேஷன் பெரும்பாலும் ஜெயிக்கும். வரியில்லாத நாட்டுக்குக் குடும்பத்தோடு போய்ச் சொந்த நாட்டு வசிப்பை உண்மையாகவே முறிக்க முடிந்தால் உள்ளூர் நியமனம், அதுவும் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தி வாங்கி. அங்கேயே நெடுநாள் தங்கும் எண்ணம் இருந்தால் உயர்வரி நாட்டிலும் உள்ளூர் நியமனம்தான். ஓய்வூதியக் காலமும் நிரந்தரக் குடியிருப்புக்கான காலமும் அதில்தான் பெரும்பாலும் சேரும். கான்ட்ராக்ட் பொருந்துவது கையிருப்பு உள்ளவருக்கும், கட்டணத்தில் அந்தக் கால் பங்கு கூடுதலாகக் கிடைப்பவருக்கும், வசிப்பு நிலை ஐயத்துக்கிடமின்றித் தெளிவாக இருப்பவருக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலகி நிற்பது நல்லது.

எதைத் தேர்ந்தாலும், கிளம்பும் நாளிலிருந்தே ஒரு நாட்குறிப்பு வையுங்கள்: தேதி, நாடு, வேலை நாளா விடுப்பா, விமான போர்டிங் பாஸின் படம். இப்போது பல விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதே இல்லை. மூன்று ஆண்டு கழித்து வரித்துறை நாள் கணக்கைக் கேட்கும்போது இந்தக் குறிப்பைத் தவிர வேறு சாட்சி இருக்காது.